வெட்டிப் பார்ப்பது

“உனக்குத் தெரிஞ்சே ஆகணுமா, நெரி?”

டாரில் இதைக் கேட்டபோது அவனுக்கு எட்டு வயது. நெரிடாவுக்குப் பதினொன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மரத்தடியில் இருந்த பரிசுப் பெட்டிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து, விரல் முட்டியால் தட்டிக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பியின் பெட்டியையும் தட்டினாள். “டார்ச் லைட்” என்றாள். டார்ச் லைட்தான். டாரில் அழவில்லை, அம்மாவிடம் போய்ச் சொல்லவும் இல்லை. மறுநாள் எல்லோரும் அவரவர் பெட்டியைப் பிரித்தபோது, அவன் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பள்ளிக்கூடம் திறக்கும்வரை அது அங்கேயே கிடந்தது.

அந்தக் கேள்வி பல வருடம் கழித்து, அப்பா இறந்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலை நெரிடாவுக்கு ஞாபகம் வந்தது. அப்பாவின் சமையலறையில், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த கோப்பைகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தாள். மெல்போர்னில் மரண விசாரணை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்.

“நெரிடா ப்ராசர்தானேம்மா? இப்பப் பேசலாமா?”

“சொல்லுங்க.”

“கஷ்டமான நேரம், தெரியும். நேத்து அப்பா உடம்பை ஸ்கேன் எடுத்தோம். இங்க வர்ற எல்லாருக்கும் முதல்ல அதைத்தான் செய்வோம். நெஞ்சுக்குள்ள ரத்தம் தேங்கியிருக்கு. எங்கேருந்து வந்துச்சு, எப்ப ஆரம்பிச்சுதுன்னு ஸ்கேன்ல தெரியலை. டாக்டர் திறந்து பாக்கலாம்னு நினைக்கறாங்க.”

“வெட்டி.”

“ஆமாம்மா. வெட்டித்தான். நீங்க மூத்த பொண்ணு, உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா சொல்லலாம். நாளைக்கு மதியத்துக்குள்ள சொன்னாப் போதும்.”

ஃபோனை வைத்துவிட்டு நெரிடா கோப்பைகளைத் துடைத்தாள். துடைத்ததை அலமாரியில் வைத்தாள். வைத்ததை எடுத்து வேறு தட்டில் அடுக்கினாள். சனிக்கிழமையிலிருந்து இப்படித்தான் இருந்தது. உட்கார்ந்தால் அந்த நாற்காலி கண்ணில் படும்.

சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். அப்பா அல்வின் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் பூட்ஸ் மாட்டியிருந்தது, அடுத்தது மடியில் இருந்தது. “அப்பா” என்றாள். மறுபடி கூப்பிட்டாள். பிறகு, ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை, விரல் முட்டியால் அவர் தோளில் மெதுவாகத் தட்டினாள்.

ஊர் டாக்டர் வந்து பார்த்து, காரணம் தெரியாமல் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால் நெஞ்சுவலி என்று போய் ஸ்கேன் எடுத்தபோது எதுவும் இல்லையென்று அனுப்பியிருந்தார்கள். அந்த முடிவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு அல்வின் எரிச்சல்பட்டார். “ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கான் பாரு. அவன் யாரு, இல்லைன்னு சொல்றதுக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு எழுத வேண்டியதுதானே?”

அது அவருடைய தொழில் புத்தி. பொருள்களை உடைக்காமல், வெட்டாமல், உள்ளே என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதிலேயே அவர் ஆயுசு போனது. அவர் பிறந்த வருடம் விக்டோரியாவில் ஒரு பயணி விமானம் நடுவானில் இறக்கை கழன்று விழுந்தது. இறக்கைக்குள்ளே ஒரு விரிசல் யாருக்கும் தெரியாமல் வளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு மெல்போர்னில் விரிசல் தேடுவதையே வேலையாகக் கொண்ட ஒரு கூட்டம் உண்டானது. அல்வின் மீசை சரியாக முளைக்காத வயதில் அதில் போய்ச் சேர்ந்தார். ரயில் அச்சில் எண்ணெய் தடவித் துடைத்து, மேலே வெள்ளைத் தூளைப் பூசி, விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து கோடாக எழுவதைப் பார்த்த அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்களை அவர் சொந்த மாமன் சித்தப்பன் போலப் பேசுவார். பெரிய கப்பல் ஒன்று பனிப்பாறையில் மோதி மூழ்கிய பிறகு, கண்ணுக்குத் தெரியாததை எதிரொலியால் பிடிக்கலாம் என்று யோசித்தவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேஜையில் சூப் ஆறிவிடும். உலகத்தின் எந்த மூலையில் அந்தக் கூட்டத்தார் மாநாடு போட்டாலும் போவார். கோபேயில், பெர்லினில், சாவோ பாவ்லோவில் அவருக்குச் சண்டைக்காரர்கள் இருந்தார்கள். நண்பர்கள் என்று அவர் சொன்னதில்லை.

நெரிடாவும் அந்த வேலைக்கே போனாள். அனல்மின் நிலையங்களில் கொதிகலன் குழாய்களின் மேல் பசை தடவி, கருவியை நகர்த்தி, காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பித் திரும்பி வருவதைத் திரையில் பார்க்கிற வேலை. டாரில் பால் பண்ணை வைத்தான். “மாட்டுக்குள்ள என்ன இருக்குன்னு மாடே சொல்லிடும். உங்களை மாதிரி தவம் கிடக்க வேண்டாம்” என்பான்.

அன்று மதியம், இரண்டு கறவைக்கும் நடுவில் அவன் வந்தான். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தவனிடம் அவள் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

“அப்பாவையா?” என்றான். “வெட்டணுமாமா?”

“கேக்கறாங்க. நமக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்.”

“அப்புறம் என்ன? வேண்டாம்னு சொல்லு. வாழ்நாள் பூரா எதையும் வெட்டாமப் பாத்த மனுஷன். அவரைப் போய்க் கூறு போடணும்னா நல்லாவா இருக்கு?”

“யோசிக்கறேன்டா.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அவளும் காலையிலிருந்து அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்தும் ஃபோனை எடுக்கவில்லை. அடுப்பில் கெட்டிலை வைத்தாள். பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள், எதற்குத் திறந்தோம் என்று மறந்து மூடினாள்.

“ஒரு இடத்துல உட்காரேன், நெரி. பாக்கவே தலை சுத்துது.”

“நீ உட்காரு.”

அவனும் உட்காரவில்லை. அந்த நாற்காலியைத் தொடாமல் சுற்றிப்போய் ஜன்னல் பக்கம் நின்றான். வெளியே தகரத்தாலான மழைநீர்த் தொட்டி வெயிலில் மின்னியது. அதைப் பார்த்தபடியே கேட்டான்.

“எந்த நாள் ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சுடுமா?”

“என்னது?”

“வெட்டிப் பாத்தா. எப்ப ஆரம்பிச்சுதுன்னு சொல்லிடுவாங்களா?”

கெட்டில் கூவ ஆரம்பித்தது. நெரிடா அதை அணைத்தாள். அவன் வியாழக்கிழமையைக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. வியாழக்கிழமை காலை வலி மறுபடி வந்து, அல்வின் மகனைத்தான் கூப்பிட்டார். நெரிடா அன்று ஒரு கொதிகலனுக்குள் இருந்தாள், ஃபோன் எடுக்கவில்லை. டாரில் அவரை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனான். சாயங்காலம், டாக்டர் யாரும் பார்க்காமலே, திரும்பக் கூட்டிவந்தான்.

“காலையிலேருந்து அந்த பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருந்தோம்” என்றான். அவள் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். “எங்களுக்கப்புறம் வந்தவங்களை எல்லாம் கூப்பிட்டாங்க. அன்னிக்குன்னு பாத்து பண்ணைக்கு உதவி ஆளு வரலை. மாடுங்க மடி கனத்துக் கத்திக்கிட்டு நிக்கும், உனக்குத் தெரியும்ல. அப்பாதான் சொன்னாரு, போலாம்டா டாஸ், இப்பத் தேவலைன்னு.” வீட்டில் டாரிலை டாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அப்பா சொன்னாரா?”

“சொன்னாரு.”

கொஞ்ச நேரம் கழித்து, “நான் கடிகாரத்தைப் பாத்தேன். நான் பாத்ததைப் பாத்துட்டுத்தான் சொன்னாரு” என்றான்.

நெரிடா அவன் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவன் வெளியே போய்விட்டான். தொட்டியின் உச்சியிலிருந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே கையைக் கீழே இறக்கினான். டங், டங், டங் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் கனத்து மங்கியது. அங்கே கை வைத்து நின்றான். அந்த வீட்டில் மாடு வளர்ப்பவனும் தட்டித்தான் பார்ப்பான்.

“தண்ணி பாதிக்கு மேல இருக்கு” என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று மாலை இல்மரி கூப்பிட்டார். பின்லாந்துக்காரர், அல்வினின் சண்டைக்காரர்களில் முதன்மையானவர். வெள்ளிக்கிழமையே மெல்போர்னில் வந்து இறங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை அங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு எஃகுக் கட்டியை வெட்டப்போகிறார்கள். அதற்காக வந்தவருக்கு அல்வின் செத்த செய்திதான் கிடைத்தது.

“தள்ளி வெச்சுடலாமான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும், நெரிடா?”

“வேண்டாம். நானும் வர்றேன்.”

அந்தக் கட்டி பல வருடமாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சூட்கேஸ் அளவு இருக்கும். நடுவில் தடித்த வெல்டிங். உள்ளே எங்கெங்கே என்னென்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாது. பின்லாந்து, ஜப்பான், கொரியா, கனடா, பிரேசில் என்று ஒவ்வொரு ஆய்வுக்கூடமாகப் போகும். அவர்கள் சோதித்து, கண்டதை உறையிலிட்டு அனுப்பிவிட்டு, தாங்கள் போட்ட சாக்பீஸ் கோடுகளையெல்லாம் ஸ்பிரிட் தொட்டு அழித்துத் துடைத்துப் பெட்டியில் வைத்து அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும். அடுத்தவர் பார்வையைக் கெடுக்கக் கூடாது. எல்லோரும் பார்த்து முடித்ததும் கட்டியை வெட்டுவார்கள். வெட்டாமல் பார்ப்பதே வேலையாக உள்ளவர்களுக்கு, தாங்கள் பார்த்தது சரியா என்று தெரிய அதைத் தவிர வழி கிடையாது.

முடிவில் பெயர்கள் வராது. ஆளுக்கொரு எண். யார் சொன்னது தப்பு என்பது அந்த எண்ணுக்கு உரியவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். உண்மையில் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். எழுதுகிற விதத்திலேயே பிடித்துவிடுவார்கள். தெரியாத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதை.

எண் நான்கு, வெல்டிங்குக்குப் பின்னால் நகத்தளவு விரிசல் ஒன்று இருப்பதாகச் சொல்லியிருந்தது. வேறு எவரும் அதைச் சொல்லவில்லை. எண் பதினொன்று, நான்காம் எண்ணுக்குக் காது கேட்கவில்லை என்று மாநாட்டு மேடையிலேயே சொன்னது.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்து வாசலில் பதினொன்றாம் எண் மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். நெட்டையான கிழவர். நெரிடாவின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

“உங்கப்பன் எனக்குக் கடைசியா என்ன எழுதினான் தெரியுமா? செவ்வாய்க்கிழமை உன் மூக்கு உடையப் போகுது, பர்ஸை எடுத்துட்டு வான்னு.”

“எடுத்துட்டு வந்தீங்களா?”

“வந்தேன். இதோ.” இல்மரி கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். சிரிக்கப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது.

தப்பாகச் சொன்னவர் பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

ரம்பம் ஓடியது. சூடு தணிக்கும் வெள்ளை நிறத் தண்ணீர் கட்டியின் மேல் வழிந்துகொண்டே இருந்தது. நெரிடாவால் நிற்க முடியவில்லை. சுவரோரமாக நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். நேரமாகிக்கொண்டிருந்தது, மதியத்துக்குள் ஃபோன் செய்ய வேண்டும். ஒரு சீவல் விழுந்ததும் ரம்பத்தை நிறுத்தி, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அமிலம் தொட்டுக் கழுவி, உருப்பெருக்கியின் கீழே வைத்தார்கள். ஆய்வுக்கூடத் தலைவி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எண் நான்கு சொன்ன இடத்துல விரிசல் இல்லை” என்றாள். “அங்க உலோகத்தோட படிக மணிகள் பெருசு பெருசா இருக்கு. அதுல பட்டுத்தான் எதிரொலி வந்திருக்கு.”

ஒருவரும் நெரிடாவைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் பூட்ஸைப் பார்த்தார். இன்னொருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இல்மரி போய் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். ஜெயித்த ஆள் போலவே இல்லை.

“அட மடையா” என்று மெதுவாகச் சொன்னார். “தப்பாவாடா சொன்னே?”

தெருமுனை மதுக்கடையில் நெரிடாதான் வாங்கினாள். அத்தனை பேருக்கும் வாங்கினாள். “எண் நாலு சார்பா” என்று அவள் சொன்னதும்தான் அவர்கள் முதல்முறையாகச் சிரித்தார்கள். பிறகு கதைகள் வந்தன. சூடான குழாயில் பசைக்குப் பதிலாக அல்வின் தேன் தடவிய கதை, எறும்பு மொய்த்த கதை. தப்பு செய்த மனிதரைப் பற்றித்தான் பேசினார்கள், ஆனால் அந்த மேஜையில் அவமானம் என்று ஒன்று இல்லவே இல்லை. நெரிடாவின் நெஞ்சில் சனிக்கிழமையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் வேகம் குறைந்தது.

இல்மரியின் பக்கம் திரும்பி, “அப்பா உடம்பை வெட்டிப் பாக்கலாமான்னு கேக்கறாங்க” என்றாள். “தம்பி வேண்டாங்கறான்.”

“நீ?”

“அப்பாகிட்ட கேட்டா என்ன சொல்லுவாருன்னு யோசிக்கறேன்.”

“அவனா? வெட்டு, ஆனா முதல்ல என் கணிப்பை உறையில போட்டு வாங்கிக்கன்னுவான்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கண்ணில் நீர் வந்தது.

இல்மரி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வெட்டாம விட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் இதே சண்டையைப் போட்டிருக்கலாம்” என்றார். “நல்லாத்தான் இருந்திருக்கும்.”

அவள் அதைக் கேட்டாள், ஆனால் மனதில் வாங்கவில்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே எழுந்திருந்தாள். நடைபாதையில் நின்று எண்ணை அழுத்தினாள். உண்மை வெளியே வரட்டும், யாருடைய பெயரும் வர வேண்டாம். தம்பி கேட்டால் அவனுக்கு மட்டும் சொல்லலாம், கேட்கவில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் உலகம் முழுக்க அப்படித்தானே நடந்தது, யார் செத்துப்போனார்கள்?

“எனக்கு ஆட்சேபம் இல்லை” என்றாள்.

டாரிலுக்கும் அங்கிருந்தே சொன்னாள். மறுமுனையில் மாடு கத்துவது கேட்டது.

“சரின்னுட்டியா?”

“சரின்னுட்டேன், டாஸ். வியாழக்கிழமைக்காக இல்லை. என்ன ஆச்சுன்னு தெரியணும், அவ்வளவுதான்.”

“ம்” என்றான். “கறவைக்கு நேரமாச்சு.” மதியம் அது கறவை நேரம் இல்லை.

வியாழக்கிழமை டாக்டரே கூப்பிட்டாள். நிதானமான குரல். நெரிடா ஃபோனோடு அப்பாவின் வீட்டுக் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள்.

“இதயத்துலேருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய், அதோட உள்சுவர் கிழிஞ்சிருக்கு. ரெண்டு கிழிசல். ஒண்ணு புதுசு, சனிக்கிழமை காலையில ஆனது. அதுலதான் உயிர் போயிருக்கு. சட்டுன்னு போயிருக்கும், ரொம்பத் தவிச்சிருக்க மாட்டாரு.”

“இன்னொண்ணு?”

“சின்னது. அதைச் சுத்தி ரத்தம் உறைஞ்சு உடம்பே ஒட்டுப் போட்டு வெச்சிருக்கு. அது ரெண்டு மூணு நாள் பழசு.”

நெரிடா நடப்பதை நிறுத்தினாள். “மூணு வாரத்துக்கு முன்னால எடுத்த ஸ்கேன்ல?”

“நானே எடுத்துப் பாத்தேன். அதுல எனக்கு ஒண்ணும் தெரியலை.”

தெரியலை என்றுதான் சொன்னாள், இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு இவளைப் பிடித்திருக்கும்.

“போன வியாழக்கிழமை எடுத்திருந்தா?”

“தெரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கறேன்” என்றாள். “தெரிஞ்சிருந்தாலும் அந்த வயசுல ஆபரேஷன்ல பிழைச்சிருப்பாரான்னு சொல்ல முடியாது. பிழைச்சிருக்கலாம்.”

நெரிடா நன்றி சொல்லி வைத்தாள். அன்று சாயங்காலம், மறுநாள் சவ அடக்கத்துக்கான பூக்கடையிலிருந்தும், சாண்ட்விச் செய்யும் ஊர்ப் பெண்களிடமிருந்தும் ஃபோன் வந்தது. எல்லோருக்கும் சரியாகப் பதில் சொன்னாள். கேரேஜைப் பெருக்கினாள். அப்பாவின் பூட்ஸ் இரண்டையும் எடுத்து மண் தட்டி ஜோடியாக வைத்தாள். நடுவில் நின்று நின்று, தம்பியிடம் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். நியாயமாகத்தான் இருந்தது. யார் மேலும் பழி இல்லாத வார்த்தைகள்.

வெள்ளிக்கிழமை காலை கறவையை முடித்துவிட்டு டாரில் வந்தான். கறுப்புக் கோட்டு, ஈரத் தலை, சோப்பு வாசனைக்கு அடியில் இன்னும் போகாத பால் வாசனை. கையில் மனைவி கொடுத்தனுப்பிய, துணி மூடிய பெரிய தட்டு.

“கெர்ரி ஸ்கோன் ரொட்டி செஞ்சிருக்கா. ஜாம் பிள்ளைங்களோட வண்டியில வருது” என்றான். “நீ என்ன இன்னும் செருப்போட நிக்கறே? சர்ச்சுக்கு இதோடவா வரப்போறே?”

“மாத்திக்கறேன். உள்ள வாடா.”

“பூட்ஸ் மண்ணா இருக்கு.”

அவன் வாசற்படியிலேயே நின்றான். அவள் தட்டை வாங்கவில்லை. வாங்கினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது.

“முடிவு வந்துடுச்சு, டாஸ்.”

அவன் அவளைப் பார்த்தான்.

“நேத்து டாக்டர் பேசினாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும். நீ கேட்டா சொல்றேன். கேக்கலைன்னா சொல்ல மாட்டேன், வேற யார்கிட்டயும் எப்பவும் சொல்ல மாட்டேன். அது உன் இஷ்டம்…”

பாதியிலேயே குரல் தேய்ந்தது. அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. தட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் மட்டும் மேல்துணிக்குள் மெல்லப் புதைந்தது. அப்போதுதான் நெரிடாவுக்குத் தான் செய்தது உறைத்தது. நல்ல சேதியாக இருந்தால் அவன் வண்டியை நிறுத்தும் முன்பே வாசல் கேட்டுக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். இருபது ஆய்வுக்கூடம் இருக்கிற இடத்தில் ஓர் எண் தன்னை மறைத்துக்கொள்ளலாம். இங்கே இருந்தது இரண்டே பேர்.

“டாஸ்” என்றாள். “அப்படி இல்லைடா. அந்த வயசுல பிழைச்சிருப்பாரான்னு அவங்களாலயே…”

டாரில் தட்டை வாசற்படியில் வைத்தான். துணி காற்றில் பறக்காமல் நான்கு முனையையும் அடியில் செருகினான். நிமிர்ந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். அதன் எதிரே நின்று, கையை உயரே தூக்கி, விரலை மடக்கினான். நெரிடா உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

அவன் தட்டவில்லை. மடக்கிய கை தகரத்துக்கு ஒரு விரல் தள்ளி அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

வண்டிக்குப் போனான். கேட்டைத் தாண்டியதும் நிறுத்தி இறங்கினான். அந்த வீட்டில் அடைத்து வைக்க ஆடு மாடு எதுவும் கிடையாது. இருந்தும் கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலியை ஆணியில் மாட்டி, மாட்டியது சரிதானா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தான். அவள் பக்கம் திரும்பாமல் வண்டியில் ஏறிப் போனான்.